யாருக்காவது வயிறு சரியில்லையா?

காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களை மேசை மேசையாக நின்று நலம் விசாரிக்கிறான் அன்சில் பாப்டிஸ்ட். யாராவது முட்டைமேல் ஹரிஸாக் காரத்தை இரண்டாம் கரண்டி அள்ளிவிட்டால், அவன் முகத்தில் ஒரு பக்தி தெரியும். "நல்லா சாப்பிடுப்பா. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

வயது முப்பத்துமூன்று. பெற்றோர் கிரெனடாத் தீவுக்காரர்கள், பிறந்தது லண்டன், ஆறு வருடமாகக் குடியிருப்பது துனீசியாவின் இந்தக் கடற்கரை ஓட்டல். இங்கே வாராவாரம் டென்னிஸ் போட்டி. வாராவாரம் அன்சில் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்பான். அப்படித் தோற்றவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். முதன்மைச் சுற்றில் எவனாவது விலகினால் அந்த இடம் கிடைக்கும். முதல் சர்வீஸ் போடும்வரை வாய்ப்பு உண்டு. ஆக, அவனுடைய தொழில் வாழ்க்கை பிறர் வயிற்றை நம்பி நடக்கிறது.

இந்த வாரம் நிலைமை மோசம். உலகத் தரவரிசையில் அவனிடம் இருப்பது ஒரே புள்ளி. அதன் ஆயுள் திங்கட்கிழமையோடு முடிகிறது. முதன்மைச் சுற்றில் ஒரு வெற்றி இல்லையென்றால் பட்டியலில் பெயரே இருக்காது. அவன் அம்மாவோ தேவாலயத்தில், "எம்புள்ள உலகத்துலயே ஆயிரத்து எழுநூத்துப் பன்னெண்டாவது" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

புதன்கிழமை, முதன்மைச் சுற்றின் தொடக்க ஆட்டங்களில் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, மட்டைக்கு நரம்பு கட்டும் மொன்ஸெஃப் ஓடி வந்தார். அதில் ஆடவேண்டிய ஸ்லோவாக்கியன் மாத்துஷ் ராத்திரி ஆக்டோபஸை ஒரு பிடி பிடித்திருக்கிறான், இப்போது கழிப்பறையை விட்டு வரமாட்டேன் என்கிறானாம்.

"உனக்கு யோகந்தான் தம்பி. நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இரு, போதும்."

அன்சில் சும்மா இருந்தான், முழுதாக நான்கு நிமிடம். பிறகு பையிலிருந்து ஜாதிக்காயை எடுத்துச் சுரண்டி, இஞ்சி தட்டிப்போட்டு, வெந்நீரில் கலக்கிக்கொண்டு மாடியேறினான். அது அவன் அம்மாவின் வைத்தியம்.

ஒரு மணி நேரத்தில் மாத்துஷ் எழுந்து வாழைப்பழம் கேட்டான்.

"வைத்தியத்த சாயங்காலமாப் பாத்திருக்கக் கூடாதா?" என்றார் மொன்ஸெஃப்.

"புள்ள வெளுத்துப்போயிக் கெடந்தான்ண்ணே. எப்படிப் பாத்துட்டு இருக்கறது?"

களத்தில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நடந்தது. மாத்துஷ் திடீரென வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வேலிக்கு வெளியே அன்சிலும் குனிந்தான். "மூச்ச நல்லா இழுத்து விடுப்பா, சரியாப் போயிடும்" என்று குரல் கொடுத்துக்கொண்டே, தன் ஷூ நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டான்.