ஏழாம் தூணில் வைத்த பெட்டி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எழுதுவதும் அப்படித்தான். நிதானமாகவே எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தரை கழுவினேன். ஈரத்தில் நின்ற ஒருத்திக்கு ஷாக் அடித்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். சனிக்கிழமை தண்ணீர் விடுமுன், கழுவப்போகும் வரிசைத் தூண்களில் இருக்கும் பிளக் போர்டுகளை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது என் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

போன வருடம், மெஷின்களெல்லாம் ஒன்றோடொன்று பேசப்போகின்றன என்று சொல்லி நெட்வொர்க் இழுத்தார்கள். தெற்கத்திப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர் கையில் படத்தோடு சுற்றினார். நெட்வொர்க் பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையை எங்கே வைப்பது என்பதுதான் அவருக்கு யோசனை. ஏழாம் தூணில் சாக்பீஸால் கோடு போட்டார். நான் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனேன்.

“சார், இங்க வேணாங்க. கரண்டு இந்த போர்டுலேர்ந்துதான எடுப்பீங்க? சனிக்கெழம கழுவறப்போ இத நிறுத்திடுவோம். அதோ ஆபீஸ் செவுரு, அங்க வைங்க. அந்தக் கரண்ட யாரும் நிறுத்தறதில்ல.”

“அங்கன வச்சா எம்புட்டு வயர் இழுக்கணும் தெரியுமா ஆத்தா? பேசாம நீங்களே படத்தப் போட்ருங்க, நான் கூட்டுறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். அப்புறம் துடைப்பத்தை எடுத்தேன்.

ஏழாம் தூணிலேயே பவர் சப்ளைப் பெட்டியை வைத்தார்கள். அது வந்த முதல் சனிக்கிழமை அவசர ஆர்டர். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன; அவற்றுக்குக் கரண்ட் வேறு. சூப்பர்வைசர் கெலமங்கலத்துக்காரர், எத்தனையோ மதியம் என் தூக்குப்போசியிலிருந்து களி சாப்பிட்டவர். அவரிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா, ஏழாந்தூண்ல புதுசா பொட்டி வச்சிருக்காங்களே, நிறுத்தலாமா?”

என் முன்னாலேயே இன்ஜினியருக்குப் போன் போட்டார். “அதுக்குத் தனி லைன் குடுத்தாச்சாம்க்கா. எப்பவும் போல நிறுத்து.”

நிறுத்தினேன். தனி லைன் படத்தில் மட்டும்தான் இருந்தது. பெட்டிகளின் பச்சை விளக்குகள் வரிசையாக அணைந்தன. மெஷின்கள் பாதி வேலையில் நின்றுபோயின.

திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு காகிதம், பக்கத்தில் மை டப்பா.

“ரேகை வைம்மா,” என்றார் மேனேஜர்.

“படிக்காம வைக்க மாட்டனுங்க.”

விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். காத்திருந்தார்கள். ‘யாரையும் கேட்காமல் நிறுத்தினேன்’ என்ற இடத்தில் விரல் நின்றது. சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன்.

“கேட்டனா இல்லயா, சொல்லுப்பா.”

அவர் தன் ஷூவைப் பார்த்தார். “ஞாபகம் இல்லக்கா.”

“களி துன்னதாவது ஞாபகம் இருக்குதா?”

இன்ஜினியர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். ரேகை வைக்காவிட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்றார் மேனேஜர். மை டப்பாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

“எனக்குக் கையெழுத்தே போடத் தெரியுங்க. இதுல போட மாட்டன்.”

இப்போது ராயக்கோட்டை ரோட்டில் வேறொரு கம்பெனி. கக்கூஸ் கழுவுகிறேன். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பழைய கம்பெனிக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். அன்றைக்கு ஷாக் அடித்து விழுந்தவள் அவள்தான். புடவையைச் சுற்றி இழுத்து நான்தான் அவளைப் பிரித்தெடுத்தேன்.

“பவர் சப்ளைய ஆபீஸ் செவுத்துக்கே மாத்திட்டாங்க அத்த. நீ சொன்ன எடந்தான். நல்ல யோசனைன்னு அந்த இன்ஜினியருக்குக் கைதட்டுனாங்க.”

“அந்தக் காயிதம் என்னாச்சு?”

தலை குனிந்துகொண்டாள். “நாந்தான் சாட்சி ரேகை வச்சன். நீ யாரயும் கேக்காம நிறுத்தனன்னு. ரெண்டு புள்ளைங்க இருக்குதே அத்த, நான் என்னா பண்ணுவன்?”

பஸ் வந்தது. முன்னால் ஓடி ஏறி, முந்தானையைப் போட்டு எனக்கும் இடம் பிடித்துவைத்தாள். இரண்டு முறை கூப்பிட்டாள். ஓசூர் வரும்வரை நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.