கல்விச் சீரில் வந்த ஏழு கடிகாரங்கள்

காலை ஒன்பது இருபது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஊர்வலம் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சுவர்க் கடிகாரம். பித்தளைத் தாம்பாளத்தில், இரண்டு தேங்காய்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதில் மணி பத்து பத்து. பேட்டரி போடவில்லை.

அடுத்த தாம்பாளத்திலும் கடிகாரம். மூன்றாவதில் வெற்றிலை, வாழைப்பழம், ஒரு பெட்டி சாக்பீஸ். நான்காவதில் மறுபடி கடிகாரம். எண்ண ஆரம்பித்தேன். அது பழக்கம். கோவையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினொரு வருடம் இருந்தவள் நான். மகன் பிறந்த பிறகு கணவரின் ஊருக்கு வந்து, அதே நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். கூட்டம் என்று எழுதினால் எத்தனை பேர் என்று மேசையில் கேட்பார்கள். அறுபது பேர், இரண்டு தவில், பத்தொன்பது தாம்பாளம். அதில் கடிகாரம் ஏழு.

கருமத்தம்பட்டிக்குச் சற்று முன்னால், அவிநாசி சாலையிலிருந்து வடக்கே அரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது ஊர். தெருவுக்கு நான்கு தறிக்குடோன்கள், விசைத்தறி ஓடும் கொட்டகைகள். அன்று கல்விச் சீர். பெண் வீட்டுக்குத் தாய்மாமன் தட்டு வரிசை கொண்டு போவது போல, ஊரார் ஒன்றுகூடி அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சாமான்கள் கொண்டு போய் வைப்பது. மேளம், மாலை, போட்டோ எல்லாம் உண்டு.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். ஐம்பத்தேழு வயது. போத்தனூரிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறவர். யாரோ குங்குமத் தட்டை நீட்ட, தேவாலயத்துக்குப் போகிற அந்த அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கண்ணால் தாம்பாளங்களைத் தேடினார். என்னென்ன வேண்டும் என்று முன்பே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் முதல் வரி, பெண் பிள்ளைகளின் கழிவறைக்கு ஒரு கதவு. பழைய கதவு மக்கி விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சாக்குப் படுதா. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"கதவு வரலீங்களா?" என்று கேட்டார்.

சீருக்கு முன்னின்று வந்தவர் ஒரு தறிக்குடோன் முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. "டீச்சருங்க, சீருல போயி கக்கூஸ் கதவைத் தூக்கியார முடியுங்களா? தவுலுக்காரனே சிரிப்பானுங்க."

"அதுக்குன்னு ஏழு கடியாரமுங்களா?"

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலீங்க. எல்லாரும் ஒரே கடையில வாங்கிப்போட்டாங்க. கடியாரம்னா பேரு போட்டு மாட்டலாம். கதவுல பேரு போட்டா நல்லாவா இருக்கும்?"

"போடுங்க மாமா, போடுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "உள்ள போறப்பெல்லாம் உங்களையே நெனைச்சுக்குவோம்."

தவில்காரர் உண்மையிலேயே சிரித்துவிட்டார். முதலாளியும் சிரித்தார். தலைமையாசிரியை மட்டும் ஒவ்வொரு கடிகாரமாக வாங்கி மேசைமேல் அடுக்கினார். எல்லாவற்றின் முகத்திலும் 'அன்பளிப்பு' என்று போட்டு ஒரு பெயர்.

பள்ளிக்கு இரண்டு அறை. பிள்ளைகள் பதினான்கு பேர். தாம்பாளம் தூக்கி வந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பதினான்கில் இல்லை. அவர்கள் காலை ஏழு நாற்பதுக்கே மஞ்சள் வேனில் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போயிருந்தார்கள். என் மகனும் அந்த வேனில்தான் போகிறான்.

கூட்டம் கலைந்த பிறகு தலைமையாசிரியை கரும்பலகையில் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். "பதினாலுங்க. அஞ்சாவது முடிச்சு மூணு போயிரும். பதினொண்ணு. பத்துக்குக் கீழ போனா பக்கத்துப் பள்ளியோட சேத்துருவாங்கன்னு ஆபீசுல பேசிக்கறாங்க. நான் எங்க வேணா போயி வேலை பாத்துக்குவேன். இதுகளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க."

ரோடு என்றால் அவிநாசி சாலை. விபத்துச் செய்திக்காக அந்த இடத்துக்கு நான் பல முறை போயிருக்கிறேன்.

"ஏதாச்சும் நல்ல சேதி ஒண்ணு பேப்பர்ல வந்தா நாலு பேரு சேப்பாங்க," என்றார். அன்றைய சீர் செய்தி நான்கு வரியாக உள்பக்கத்தில் வந்தது. யாரும் சேரவில்லை.

அடுத்த மாதம் மாவட்ட அளவில் கதை சொல்லும் போட்டி. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தலைமையாசிரியை கோவைக்குப் பேருந்தில் கூட்டிப் போனார். தறி ஓட்டுகிறவரின் மகள். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்கிற பிள்ளைகளுக்குக் குரல் பெரிதாக இருக்கும். நடுவர்கள் மைக்கை அவள் வாயிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

அவள் சொன்னது அவளே கட்டின கதை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏழு கடிகாரம் வந்துச்சாம். ஏழும் ஏழு விதமா மணி காட்டுச்சாம். நான்தான் சரி, நீ தப்பு என்று ஒன்றோடொன்று சண்டை. டீச்சருக்கு எப்போது பெல் அடிப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் சத்துணவு ஆயா குண்டானில் கரண்டியால் ரெண்டு தட்டுத் தட்ட, பிள்ளைகள் எல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, ஏழு கடிகாரமும் வாயை மூடிக்கொண்டன. ஏழுக்கும் ஏழு குரல் வைத்திருந்தாள். அதில் ஒன்று தறிக்குடோன் முதலாளியின் குரல்.

நடுவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "சரி கண்ணு, அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடிகாரத்துக்குப் பதிலா என்ன குடுத்திருக்கலாம்?"

"கதவுங்க."

அதையும் கதையின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். முதல் பரிசு அவளுக்கு.

மறுநாள் பள்ளிச் சுவரில் சாதனைப் பலகை என்று கறுப்பு வண்ணம் பூசி வைத்திருந்த இடத்தில் அவள் பெயரை வெள்ளை பெயின்டால் எழுதினார்கள். அதற்கு முன் அதில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. பலகைக்குப் பக்கத்தில் கேடயத்தோடு நிற்க வைத்துப் படம் எடுத்தேன். மூன்று பத்திச் செய்தி. ஊர் பெயர் உண்டு, பள்ளி உண்டு, வகுப்பு உண்டு. அனுப்பும் முன் தலைமையாசிரியைக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"தெருப் பேரும் போட்டா அவங்க அப்பனாத்தாளுக்குச் சந்தோசமா இருக்குமுங்களே," என்றார்.

சின்னப் பெண் பிள்ளையின் வீடு எங்கே என்று பேப்பரில் போடக் கூடாது, அது எங்கள் மேசையில் விதி என்றேன்.

"அதுவும் சரிதானுங்க அம்மணி," என்றார்.

செய்தி படத்தோடு வந்தது. அந்த வாரத்தில் ஒடிசாவிலிருந்து வந்து தறி ஓட்டும் ஒருவர் தன் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பெயர் கொடுத்தார். தலைமையாசிரியை எனக்குப் போன் செய்து, "பதினொண்ணு பன்னெண்டாச்சுங்க," என்றார்.

பங்குனியில் மெட்ரிக் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகனின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது தாளாளர் வராந்தாவில் நின்றிருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடுகிற மனிதர்.

"ஏனுங்க மேடம், கதை சொன்ன பாப்பா நியூஸ் நீங்க போட்டதுங்களா? ரொம்ப நல்லாருந்துச்சுங்க. நான் எங்க ஊட்டுல சத்தமாப் படிச்சே காட்டுனேன்."

என் செய்தியைப் பற்றி நேரில் ஒருவர் பேசி வெகு நாளாகியிருந்தது. நன்றி சொன்னேன். படம் எப்படி எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

"அந்தப் பாப்பா ஊடு எந்தப் பக்கமுங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால. குடோனை ஒட்டி மூணாவது வீடு," என்றேன்.

எங்கள் பக்கம் வழி கேட்டால் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அப்போது அவ்வளவுதான் நினைத்தேன் என்று எழுதலாம். ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பது, வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளி கேட்டைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் போகவில்லை.

சித்திரையில் அந்தப் பெண்ணின் தாயை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். தாளாளரே காரில் வந்தாராம். பெரியவளுக்கு எல்லாம் இலவசம், அவள் பள்ளியிலேயே கீழ் வகுப்பில் படிக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் பாதிக் கட்டணம், வேனும் உண்டு என்றாராம்.

"டீச்சர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க போயி சொல்றது? எம் புள்ளைக்குச் சோறூட்டாத குறைங்க, அந்தம்மா." வரிசை நகர்ந்தது. பையைக் கை மாற்றிக்கொண்டாள். "ஆனா இங்கிலீசு மீடியமுங்க. தேடி வந்து குடுக்கறப்ப வேண்டாம்னு சொல்ல நாங்க யாருங்க? உங்க பையனும் அங்கதானுங்களே படிக்கறான்?"

"ஆமா," என்றேன்.

"அப்பறமென்னங்க."

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஏழு நாற்பதுக்கு வேன் வந்தது. என் மகன் ஏறினான். உள்ளே முன்சீட்டில் மூன்று பேர் புதுச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். தறிச் சத்தத்தைத் தாண்டுகிற அந்தக் குரல். ஓட்டுநர் திரும்பி, "மெதுவா பாப்பா," என்றார். பேருந்து நிறுத்தத்தில் மெட்ரிக் பள்ளியின் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. 'மாவட்ட முதலிடம் பெற்ற எங்கள் மாணவி.' நான் எடுத்த படம்தான். பின்னாலிருந்த சுவரை நீக்கிவிட்டு நீல நிறம் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு ஆரம்பப் பள்ளிக்குப் போனேன். ஏழு கடிகாரங்களும் சுவரில் வரிசையாக இருந்தன. இரண்டு ஓடின. பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார். கரும்பலகையில் தேதியும், அதற்குக் கீழே பதிவு ஒன்பது, வருகை ஒன்பது என்றும் எழுதியிருந்தது. ஒடிசாப் பையன் முதல் வரிசையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தலைமையாசிரியை அவன் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"டீ குடிக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். பிள்ளை சேர்க்கச் சொல்லி வீடு வீடாக அவர் ஏறி இறங்கியதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் மாலையில் கடைசிப் பேருந்து வரைக்கும் நடந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் உட்கார வைத்து, காபி கொடுத்து, அடுத்த வருடம் பார்க்கலாமுங்க என்று சொல்லியிருக்கிறார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் இணைப்பு உத்தரவு வந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள். இரண்டு பேரை அவிநாசியில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒடிசாப் பையனின் குடும்பம் ஊரிலேயே இருந்தது. அவன் குடோனுக்குள் பாவு நூல் உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஊரில் எல்லாரும்தான் பார்த்தார்கள்.

சாமான் ஏற்ற டெம்போ வந்த அன்று நானும் போனேன். செய்திக்காக இல்லை. அலமாரி, பெஞ்சுகள், சத்துணவுக் குண்டான் எல்லாம் ஏறின. தறிக்குடோன் முதலாளி வந்து தன் பெயர் போட்ட கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டார்.

"நம்மூருக்குன்னு குடுத்ததுங்க. அந்த ஊருக்கு எதுக்குங்க டீச்சர்?"

"எடுத்துக்கங்க," என்றார் தலைமையாசிரியை. மதியத்துக்குள் ஏழு கடிகாரமும் ஏழு வீட்டுக்குப் போய்விட்டன. சுவரில் ஆணிகள் இருந்தன. சாதனைப் பலகை சுவரிலேயே எழுதினது, அதை டெம்போவில் ஏற்ற வழியில்லை. கழிவறை வாசலில் சாக்கு தொங்கியது.

அறையைப் பூட்டி, சாவியை டெம்போக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தலைமையாசிரியை பேருந்து நிறுத்தம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பேனருக்கு நேர் கீழே நின்றோம். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"படம் நல்லா வந்திருக்குதுங்க," என்றார்.

நான் பேருந்து வருகிற பக்கம் பார்த்தேன்.

"அவங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க அம்மணி. படிக்கற புள்ளை, எங்கிருந்தாலும் படிக்கட்டும். ஒண்ணுதான் புரியலை. அந்த ஊடு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? யாரையும் விசாரிக்காம காரு நேரா வாசல்ல போயி நின்னுச்சாமா."

"பேப்பர்ல பாத்திருப்பாங்க டீச்சர்," என்றேன்.

"இருக்குமுங்க," என்றார். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்.

அந்தச் செய்தியில் தெருவின் பெயர் இல்லை.