இத்தா வீட்டில் உடற்பயிற்சி

சுலைஹாவின் பிழைப்பு அவளுடைய கால்களில் இருந்தது. மருதமுனைத் தறி வீடுகளில் சாரிகளை எடுத்து மூட்டையாகக் கட்டி, பாண்டிருப்பு, கல்முனை, நற்பிட்டிமுனை என்று வீடு வீடாகப் போய் விற்பாள். தூரத்து ஊர்களைப் புருஷன் சாலிஹ் சைக்கிளில் பார்த்துக்கொண்டான். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவன், பிறகு எழும்பவில்லை.

அன்றிலிருந்து சுலைஹா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் வெள்ளை உடுத்து, நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. அவளுக்கும் வெளியே போகும் எண்ணம் இல்லை. பாயில் கிடந்தாள், எழும்பித் தொழுதாள், திரும்பவும் கிடந்தாள். எவ்வளவு கிடந்தும் களைப்புப் போகவில்லை.

ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. அவளுக்குச் சீனி வருத்தம் இருந்தது. உங்களுக்குப் பாதி மருந்து நடைதான் என்று டொக்டர் சொல்லிச் சொல்லியே மாத்திரை எழுதுவார். அந்த நடை இப்போது இல்லை. இத்தா முடியும்போது கால்களும் முடிந்திருந்தால், மூட்டையைத் தூக்க வேறு ஆளில்லை. உயர்தரம் படிக்கும் மகள் பஹ்மிதாவின் படிப்பும் அதோடு நின்றுவிடும். அதை நினைத்துத்தான் சுலைஹாவுக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

வழி கண்டுபிடித்தவள் பஹ்மிதா. டோஹாவில் இருக்கும் மாமா நளீம் லீவில் வந்தபோது ஒரு டீவியும் வீடியோ கெசட் போடும் டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சாவு விழுந்த மௌத்து வீடு என்பதால் டீவியைப் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். கெசட்டுகளுக்குள் உடம்பு குறைக்க ஒரு வெள்ளைக்காரி பயிற்சி காட்டும் கெசட்டும் கிடந்தது.

“உம்மா, வெளியில நடக்கத்தானே ஏலாது. இருக்கிற இடத்திலேயே நடக்கலாம்,” என்றாள் பஹ்மிதா.

பெட்ஷீட்டை விலக்கி அவள் கெசட்டைப் போட்டாள். கதவைச் சாத்தி, ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு, வெள்ளைச் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுலைஹா நின்ற இடத்தில் நடக்கத் தொடங்கினாள். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, சாலிஹின் ராத்தா உம்முகுல்தூம் பின்வாசலால் வந்துவிட்டாள்.

“என்னகா இது, மையித்து எடுத்த ஊட்டுல ஆட்டம்?”

சுலைஹா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். “ஆட்டமில்ல மதினி. கால் விறைச்சுப் போகுது. இத்தா முடிஞ்சா மூட்ட தூக்கோணுமே.”

“என்ட தம்பி மௌத்தாகி இன்னும்...”

“உங்கட தம்பி இருந்தா நான் ஏன் மதினி துள்ளப்போறன்?”

உம்முகுல்தூம் கதிரையில் உட்கார்ந்து டீவியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஆருகா இவ? இவட ஊருல துணிக்குப் பஞ்சமா?”

சிரிப்பை அடக்க பஹ்மிதா அடுப்படிக்குப் போனாள்.

உம்முகுல்தூம் எழும்பிச் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து டீவியின் நடுவில் குறுக்காகத் தொங்கவிட்டாள். மேலே தலையும் கைகளும், கீழே முழங்காலும் பாதங்களும் மட்டும் தெரிந்தன. “இப்ப துள்ளு. பாட்டும் வேணாம், இவட உடம்பும் வேணாம். உனக்குக் கால்தானே தேவ.”

அதன்பிறகு துவாய் விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். வந்தவள் கதிரையை விட்டு எழும்புவதில்லை. வெள்ளைக்காரி அடிக்கடி குனிந்து துவாய்க்குப் பின்னால் மறைந்துபோவாள். அவள் திரும்பி வரும்வரை சுலைஹா இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பாள்.

“எங்ககா போனவ?”

“தெரியா மதினி. வருவா.”

“வந்துட்டா, வந்துட்டா. நட.”

சில நாட்கள் கரண்ட் இருக்காது. அப்போது சுலைஹா மனதில் கிடந்ததை வைத்து நடந்தாள். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வியர்த்தது, பசித்தது, வீக்கம் இறங்கியது. சுவரைப் பிடிக்காமல் தொழுகையில் எழும்பினாள். அதுவே போதும் என்றிருந்தது.

இத்தா முடிந்த அடுத்த கிழமை மூட்டையோடு புறப்பட்டாள். கால்கள் சொன்னபடி கேட்டன. பாண்டிருப்புச் சோதனைச் சாவடியில் மூட்டையை இறக்கி அவிழ்க்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவன் ஒவ்வொரு சாரிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தான். குந்தியிருந்து எல்லாவற்றையும் மடித்துக் கட்டி, தூக்க எழும்பியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. காலை உயர்த்தவும் கையை விரிக்கவும் அவள் பழகியிருந்தாள். நிலத்திலிருந்து எழும்ப இடுப்பு எப்படி வளைய வேண்டும் என்பதை வெள்ளைக்காரி துவாய்க்குப் பின்னால்தான் செய்திருக்கிறாள்.

ஒருபக்கம் சாய்ந்தபடி செல்லத்தங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பாண்டிருப்பில் பல வருடமாக அவளிடம் சாரி வாங்கும் வீடு அது.

“வாகா. ஆள் மெலிஞ்சு போயிற்றாய். செய்தி கேள்விப்பட்டனான், வர ஏலாமப் போச்சு.” செல்லத்தங்கம் மூட்டையை வாங்கி வைத்துவிட்டு அவள் நிற்கும் கோணலைப் பார்த்தாள். “என்ன இடுப்பு?”

“பிடிச்சிட்டுதக்கா. இன்னும் கல்முனை கிடக்கு.”

“கல்முனை எங்கயும் போகாது. படு முதல்ல.”

பாயில் படுக்கவைத்து எண்ணெய் சூடாக்கித் தேய்த்தாள். பிறகு வேலிக்கு மேலால் அயல் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து சாரிகளை விரித்துப் பார்க்க, சுலைஹா படுத்தபடியே விலை சொன்னாள். இரண்டு சாரி போனது.

“மூட்டையில பாதிய இஞ்ச வை,” என்றாள் செல்லத்தங்கம். “நாளைக்குக் கை வீசிக்கொண்டு வந்து இதத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குப் போ. என்னத்துக்கு எல்லாத்தையும் அங்கிருந்து சுமக்கிறாய்?”

“நாளைக்கு ஆமி பாதைய மூடினா, அக்கா?”

“மூடினாக் கிடக்கும். நீ என்ன மீனா கொண்டந்தனி?”

சுலைஹா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இத்தனை வருடம் சரக்கை ஒரு இரவும் வெளியே விட்டதில்லை. இன்றைக்கு அதை யோசிக்கவும் சக்தி இல்லை.

“சரி, அக்கா. வைங்க.”

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மெதுவாக எழும்பினாள். மிச்சப் பாதி மூட்டை பாரமாக இல்லை. தெருவுக்கு இறங்கி, தெற்கே கல்முனைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு வடக்கே மருதமுனைப் பக்கம் திரும்பி நடந்தாள். பஹ்மிதா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சோறு வடிக்க வேண்டும்.