புது அரிசியும் பழைய பூமியும்

என் மாமனாருக்குத் திருவொற்றியூரில் அரிசி மண்டி. கீழே மண்டி, மேலே வீடு. தெற்கேயிருந்து வந்து இங்கே ஊன்றிய கிறிஸ்தவ வியாபாரக் குடும்பம். நான் புளியந்தோப்புப் பவுத்தன். எங்கள் வீட்டில் உலகம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், அது வேண்டாத கேள்வி என்று சொல்லிவிட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் அந்த விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டை போட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

இங்கே சண்டை வந்தது என் மனைவியின் தங்கையால். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு நிலவியலில் இடம் வாங்கிவிட்டாள். கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. மாமனாருக்கு அதில் வருத்தமில்லை. நல்ல வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வருத்தப்பட்டவர் அவர்கள் சபைக்கு அவ்வப்போது வரும் ஒரு பிரசங்கியார். பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம், அதற்குமேல் கூட்டிச் சொல்வது பாவம் என்று ஊர் ஊராகப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசுகிறவர்.

"கல்லுக்கு வயசு சொல்லித் தர்ற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பினா, விசுவாசத்தை அங்கேயே விட்டுட்டுத்தான் வருவா" என்று அவர் ஒரே போடாகப் போட்டதில் மாமனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் மாமனார் ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு பிரதர் சாப்பிட வாராரு. மாப்ளயும் இருக்கட்டும். ரெண்டு பேரும் பேசுங்க, கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்." இரண்டு புரோக்கர்களை எதிரெதிரே உட்காரவைத்து விலை கேட்பது மண்டி வழக்கம். பூமியின் வயதும் அன்றைக்கு அந்த வழியில்தான் ஏலத்துக்கு வந்தது.

எனக்கு எண்ணூரில் நிலக்கரி சோதனைக்கூடத்தில் வேலை. கப்பலில் வரும் கரியைப் பொடித்து எரித்து, எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று சொல்லவேண்டும். பூமியின் வயதைப் பற்றிப் பேச எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான். மீதியைச் செல்போன் வீடியோக்களைப் பார்த்துத் தேற்றிக்கொண்டேன். சாட்சிப் பொருளாக, இலை பதிந்திருந்த ஒரு கரித்துண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனேன்.

சாப்பாடு பரிமாறியாயிற்று. ஜெபம் முடிந்த கையோடு, மாமியாரின் வெள்ளை மேசைவிரிப்பில் கரித்துண்டை எடுத்து வைத்தேன்.

"இன்னா பிரதர், இது நேத்து மொளைச்ச எலையா? இது கரியாவறதுக்கு எத்தினி கோடி வருசம் ஆயிருக்கும்?"

பிரசங்கியார் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரித்துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான இலை பிரதர். நரம்புகூட அப்படியே இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மூடியிருந்தா அழுகிப் போயிருக்கும். ஒரே நாள்ல மண் மூடியிருக்கணும். அதைத்தான் பெருவெள்ளம்னு வேதம் சொல்லுது."

மாமனார் தலையை ஆட்டினார். என் கரித்துண்டு என் கண்ணெதிரிலேயே கட்சி மாறிவிட்டது. நான் வானத்துக்குத் தாவினேன்.

"நட்சத்திரம் எவ்ளோ தூரத்துல கீது? அங்கேர்ந்து வெளிச்சம் வர்றதுக்கே லட்சக்கணக்கா வருசம் ஆவும். வெளிச்சம் போற வேகத்துக்கு ஒரு விதி கீது பிரதர். உங்க சபைக்கும் எங்க வூட்டுக்கும் அது ஒண்ணுதான்."

"விதியைப் போட்டவரை விதி கட்டுமா?" என்றார். "நட்சத்திரத்தைப் படைக்கும்போதே அதோட வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வந்து சேர்ந்த மாதிரி படைச்சார். முதல் மனுஷனைப் பச்சைக் குழந்தையாவா படைச்சார்? வளர்ந்த ஆளாத்தான். வயசு ஒரு நாள், பார்க்க முப்பது வயசு. பூமியும் அப்படித்தான். படைச்சது புதுசு, தோற்றம் பழசு."

அசந்துபோனேன். என்ன கொண்டுவந்து காட்டினாலும் 'அப்படியே படைச்சார்' என்று சொல்லிவிடலாம். சாம்பல் அதிகமாக இருக்கிற கரியைக்கூட இந்த முறையில் பாஸ் பண்ணிவிடலாம். எனக்குக் குரல் ஏறியது. மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ரசம் கொண்டுவந்த மனைவியின் தங்கை கேட்டாள். "அப்பா, பழைய அரிசின்னு சொல்லிப் புது அரிசி எறக்கின புரோக்கரை என்ன செஞ்சீங்க?"

"அது எதுக்குட்டி இப்ப?"

"சும்மாத்தான்ப்பா. பார்க்கப் பழசு, உள்ளுக்குப் புதுசுன்னு அங்கிள் சொன்னாங்கல்ல. ஞாபகம் வந்துது."

மாமனாருக்கு ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் தொழிலில் பழைய அரிசிக்குத்தான் மதிப்பு. உதிரி உதிரியாக வேகும். புது அரிசி குழைந்துபோகும். அதனால் புது அரிசிக்கு ஆவி காட்டிப் பழசுபோல ஆக்கி விற்கிறவர்கள் உண்டு. மாமனாருக்கு அவர்கள் ஆகாது. சொந்த ஊர்க்காரரான ஒரு புரோக்கர் அப்படிச் செய்ததற்காக மூட்டைகளைத் தெருவில் இறக்கிவைத்து அனுப்பியவர். அந்த ஆள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. 'சரக்கு பொய் சொல்லக் கூடாது' என்பது அவருக்குக் கிட்டத்தட்ட இன்னொரு கட்டளை.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. பிரசங்கியார் இதைக் கவனித்து, "அது வியாபாரம் பிரதர், இது தேவ ரகசியம்" என்றார்.

"ரசம் ஊத்திக்கிடுங்க பிரதர்" என்றார் மாமனார்.

கைகழுவியதும் கீழே போனார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் மாடியில் பொறாமையோடு உட்கார்ந்திருந்தேன். அத்தனை வீடியோ பார்த்தவன் நான். ஒரு கரண்டி ரசத்தோடு அவள் முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலக் காப்பிக்கு மேலே வந்தவர் பெண்ணைக் கூப்பிட்டார். பிரசங்கியார் புரொஜெக்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்.

"ஏட்டி, பிரதர் சொல்லுத மாதிரி பாத்தா, அந்தப் புரோக்கர் செஞ்ச வேலையக் கர்த்தர் செஞ்சாருன்னு ஆயிரும். அத என்னால ஒத்துக்கிட முடியாது. அவரு பழசுன்னு காட்டுனா அது பழசாத்தான் இருக்கும். நீ போய்ப் படி." காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வந்து சொல்லணும். அப்பா மனசு நோவுமேன்னு கொறச்சுச் சொல்லக் கூடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ நான் சொன்னது கரெக்ட்டுன்றீங்க, மாமா?"

"மாப்ள, நீங்க மொதல்ல அந்தக் கரிய எடுங்க. உங்க அத்தை என்னைய வையுதா."

அவள் சேர்ந்தாள். மாமனார் வழக்கம்போல ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கியார் மட்டும் சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கரையோரம் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மாமனார் காலையில் நடந்துபோய், தோதான ஒரு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். அவள் படிக்கப்போன முதல் வருடம், ஒரு விடுமுறை நாளில் நாங்கள் மூவருமாகப் போயிருந்தோம். அவர் உட்கார்ந்திருந்த கல்லை அவள் குனிந்து பார்த்தாள், தடவினாள், பிறகு கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னட்டி? சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். அறிவியலுக்காகத் தொண்டை கிழியக் கத்திய நான், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைத்துச் சொல் என்று கையால் சாடை காட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்தான் முக்கியமாகப் பட்டார்.

"இந்த மாதிரிக் கல்லுக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேலப்பா."

"கொறைக்கலேயே?"

"இல்லப்பா."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் விசுவாசம் எங்காவது விரிசல் விடுகிறதா என்று நான் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துண்டால் துடைத்தார்.

"இம்புட்டு வயசானவரு மேலயா இத்தன நாளும் உக்காந்திருந்தேன்" என்றார்.

அன்று வீடு திரும்பும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார்.