பக்கத்திலேயே டயாலிசிஸ் இருந்த நாட்கள்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்ள. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று மதுரை டாக்டர் சொன்னபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டுதான் ஆகியிருக்கும். அதுவரை லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் விடியுமுன் மதுரை பரவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பார்க்க ஆளில்லை, பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. முதுகு வலித்தால் மெடிக்கலில் போய் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். தலை வலித்தாலும் அதேதான். ஒருநாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று அக்கா போன் செய்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். மதுரைக்குத்தான் போக வேண்டும். நான் வயரிங் வேலை பார்க்கிறவன். என் வேலையை முன்னே பின்னே தள்ளிப் போட முடியும். அக்காவுக்கு மாடுகள் இருந்தன, பத்தாவது படிக்கிற மகள் இருந்தாள். அதனால் மச்சானோடு நான் போக ஆரம்பித்தேன்.

இருட்டில் கிளம்பி மெயின் ரோடு வரைக்கும் பைக். அங்கிருந்து திருமங்கலத்துக்கு ஒரு பஸ், அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று, அதற்கப்புறம் ஆட்டோ. ஆஸ்பத்திரியில் அவருடைய முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நாலு மணி நேரம் மெஷின். முடிந்து எழுந்திருக்கும்போது மனிதர் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும். அப்படியே அவரைத் தாங்கிக்கொண்டு பொழுதடையும் நேரத்துக் கூட்டத்தில் பஸ் ஏற வேண்டும். மறுநாள் முழுக்கப் படுத்திருப்பார். அதற்கு மறுநாள் கொஞ்சம் எழுந்து நடமாடுவார். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை தாகம். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேற வழி இல்லாததால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு. சித்திரை வெயிலில், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வருவார்.

"மாப்ள, தண்ணி கெடைக்காமச் செத்தவன் உண்டு. தண்ணியக் குடிச்சுச் சாகுறவன நீ பாத்திருக்கியா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பக்கத்து டவுனில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. போய்ப் பார்த்தேன். வந்திருந்தது. புதிதாக வெள்ளையடித்த அறையில் இரண்டு மெஷின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். திறப்பு விழாவுக்குக் கட்டிய மாலை வாசலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வார்டில் இருந்த சிஸ்டரிடம் கேட்டேன். முப்பது வயது இருக்கும். மதுரை டவுனில் நெசவுக்கார சௌராஷ்டிரக் குடும்பம். நாங்கள் எந்த ரோட்டில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோமோ அதே ரோட்டில் தினமும் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தவர்.

"எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பீங்க?"

"டெக்னீசியன் போடணும்ணே. இன்னும் போடல."

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"ட்ரெயினிங் போயிட்டு வந்திருக்கேன். தெரியும். ஆனா நான் அதுல நின்னா வார்ட யாரு பாக்குறது? இங்க இருக்குறதே நாங்க மூணு பேரு."

அப்போது அங்கே இருந்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். ஆள் வரும்வரை காத்திருந்தால் மெஷின் துருப்பிடித்துவிடும் என்று சொல்லி, சிஸ்டர் காலையில் டயாலிசிஸ் பார்ப்பது, மற்ற இருவரும் வார்டைச் சமாளிப்பது என்று அவராகவே ஒரு ஏற்பாடு செய்தார். நாலு பேரோடு ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண், எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெரியவர், பிறகு மச்சான்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு என் பைக்கில் உட்காருவார். கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. நான் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போவேன். மத்தியானச் சாப்பாடு வீட்டில். கொஞ்சம் தூங்கி எழுந்து சாயங்காலம் டீக்கடைக்கு நடந்தே வந்துவிடுவார். டீ குடிக்கமாட்டார், சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த லோடு ஆட்டோவை ஒருநாள் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல ஓட்டலாம்ல மாப்ள? திருமங்கலம் வரைக்கும்?" என்றார். அக்கா அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சிஸ்டர் கண்டிப்பானவர். உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்.

"என்னண்ணே, இம்புட்டு ஏறியிருக்கு? ரசம் குடிச்சீங்களா?"

"மோந்துதான் பாத்தேன் தங்கச்சி."

"மோந்து பாத்தா ரெண்டு கிலோ ஏறுமா?"

கண்டக்டர் குலுங்கிச் சிரிப்பார். மச்சானின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்த இடம் புடைத்திருக்கும். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் அதிரும். சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். மதுரையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே பேச நேரம் ஏது? இங்கே சிஸ்டர் பேசிக்கொண்டே குத்துவதால் வலி தெரியவில்லை என்று மச்சான் சொல்வார்.

சிஸ்டருக்கு நாலு வயதில் ஒரு பையன். மதுரையில் அவருடைய அம்மா பார்த்துக்கொண்டார். அம்மாவிடம் போனில் அவர்கள் வீட்டுப் பேச்சில் பேசுவார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் ஒருநாள் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி?" என்றார் மச்சான், மெஷினில் படுத்தபடி.

"பையனுக்குக் காய்ச்சல்ணே. தூக்கித் தூக்கிப் போடுதாம். அம்மா திட்டுறாங்க. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, ஒம்புள்ளைக்கு யாருன்னு கேக்குறாங்க."

"கெளம்புங்க. நாங்க இன்னொரு நாள் வாரோம்."

"ஊசி குத்தியாச்சு. ஒங்க ரத்தம் வெளிய ஓடிக்கிட்டு இருக்கு. வேற யாருக்கும் இத நிறுத்தத் தெரியாதுண்ணே."

மீதி நேரம் முழுக்க அவர் உட்காரவே இல்லை. கடைசி ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் நான்தான் அவரை பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு சிஸ்டர் சிரிப்பது குறைந்துபோனது.

சரிவு தொடங்கியது தண்ணீரில். டயாலிசிஸுக்கு நன்றாகச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. சுத்திகரிக்கும் மெஷினில் அடிக்கடி அடைப்பு விழுந்தது. மோட்டார் பக்கம் ஏதாவது கோளாறு என்றால் நான் சரிசெய்து கொடுத்தேன். உள்ளே இருக்கும் சாமானை மாற்ற வேண்டுமென்றால் மேலே கேட்க வேண்டும். சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் வார்டில் இருந்த ஒரு சிஸ்டர் பிரசவ லீவில் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. காலையில் டயாலிசிஸ், அதே கையோடு வார்டு, வாரத்தில் சில நாள் ராத்திரியும் என்று இவர் தலையில் விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எடை பார்க்கும் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். நோயாளிகளே சேர்ந்து சிஸ்டரைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்களாம். மச்சான் துண்டால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். கண் விழித்ததும் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு இன்னும் போடல?"

அடுத்து அந்த நல்ல டாக்டருக்கு மாறுதல் வந்தது. அவருக்குப் பதில் வந்தவர் இன்னொரு ஆஸ்பத்திரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்ததால் சில நாட்கள்தான் வருவார். "டாக்டர் இல்லாத நேரத்துல இத ஓட்டி, யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதும் தப்பில்லை. கொஞ்ச நாளில் ஆள் பற்றாக்குறை என்று சிஸ்டரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அறை பூட்டப்பட்டது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. நாலு பேர் வீட்டாரும் சேர்ந்து பார்க்க வேண்டியவர்களைப் போய்ப் பார்த்தோம். எல்லா இடத்திலும் உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். சீக்கிரம் ஆள் போட்டுவிடுவோம் என்றார்கள். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமலே ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தோம்.

மறுபடியும் மதுரை. அங்கே மச்சானின் பழைய நேரம் வேறொருவருக்குப் போயிருந்தது, அது நியாயம்தானே. மத்தியானத்துக்கு மேல்தான் இடம் கிடைத்தது. முடியும்போது எங்கள் ஊர்ப்பக்கம் போகும் கடைசி பஸ் போயிருக்கும். திருமங்கலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் ஊருக்கு வருவோம். லோடு ஆட்டோவைப் பரவையிலேயே ஒருவருக்கு விற்றார். ஒருநாள் காலையில் தன் இடது கையை என்னிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாரு மாப்ள."

தொட்டேன். அதிர்வு இல்லை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாகச் சொல்லி, கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்துக் குளிர்காய்ச்சல் வந்தது. அது ஆறி இன்னொரு குழாய் போடுவதற்குள் அவர் பாதியாகிவிட்டார்.

பங்குனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். சட்டை போடாமல் கைலியோடு வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பலையா மச்சான்?"

"நான் வரல மாப்ள."

"ஒடம்புக்கு முடியலையா? ஆட்டோ சொல்லட்டுமா?"

"முடியலைன்னு இல்ல. இனிமே வரல."

அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். காலைப் பிடித்தாள். மகள் பரீட்சைக்குப் போயிருந்தாள், அதற்காகவே அந்த நாளைப் பார்த்து வைத்திருந்தார்போலும். நான் சிஸ்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "எப்படியாவது இங்க கூட்டிட்டு வந்துருங்கண்ணே, இங்க மெஷின் இருக்கு, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் இருந்த ஊருக்குப் போகவே அரை நாள் ஆகும். போனை மச்சானிடம் கொடுத்தேன்.

"தங்கச்சி, ஒங்க பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். மச்சான் "சரி சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் போனை நீட்டினார்.

பிறகு அக்காவைப் பார்த்து, "ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார்.

அக்கா அசையவில்லை.

"கொண்டா. பானைத் தண்ணி."

அவள் உள்ளே போய் நிறைய நேரம் கழித்து வந்தாள். இரண்டு கையாலும் சொம்பை வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். தண்ணீர் வாயோரம் வழிந்து நெஞ்சில் இறங்கியது. குடித்து முடித்துச் சொம்பைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அங்கே நிற்க முடியாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவரை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அந்தப் பஸ்ஸில் அவரோடு வந்தவர்கள் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வரை அவர் தாங்கவில்லை. கடைசி நாளில் படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு, அக்காவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்படியே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் வந்தார், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. வந்ததும் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா என் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது சிஸ்டர் மற்றவர்களைப் பற்றி என்னிடம் விசாரித்தார். கண்டக்டர் மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றேன். அந்தப் பெண், பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மதுரையில் ஒரு அறை பிடித்துத் தங்கியிருக்கிறாள். பெரியவர், டயாலிசிஸ் அறை பூட்டப்பட்ட மாதத்திலேயே இறந்துவிட்டார்.

"அந்த மெஷினு?" என்றார்.

"வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க சிஸ்டர்."

"அங்க ஓட்ட ஆள் இருக்காமா?"

"தெரியல."

சிஸ்டர் வேலையை விட்டுவிடப் போவதாக பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவருடைய அம்மா சொன்னார். சிஸ்டர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர்களை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உட்கார இடம் இல்லை, இருவரும் நின்றுகொண்டே போனார்கள்.

அக்கா இப்போது பருத்தி எடுக்கப் போகிறாள். மகள் நர்சிங் படிக்கிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் காரணம் கேட்டதற்கு, "அந்தப் புள்ள அன்னைக்கு மயங்கி விழுந்ததப் பத்தி ஒங்க மச்சான் வந்து சொன்னாரே, மறந்துட்டியாடா?" என்றாள்.

மகள் விருதுநகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.