வீட்டுக்கு ஒரு ஆள்

என் கணவர் இறந்து சில மாதங்களில் எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. மலைமேல் செம்மேட்டில் நாங்கள் குடியிருக்கும் வீடுகளைக் கட்டியது அந்தச் சங்கம்தான். யார் உறுப்பினரோ அவருக்கே வீடு. உறுப்பினராக இருந்தவர் என் கணவர். அவர் போனபின் அந்த இடம் யாருக்கு என்று அன்றைக்கு முடிவு செய்தார்கள். கூட்டம் நடந்த அதே தெருவில், என் வீட்டு அடுப்படியில் நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் மலையில் ஊர்க்கூட்டம் என்றால் வீட்டுக்கு ஒரு ஆள். ஆள் என்றால் ஆம்பிளை. வீட்டில் ஆம்பிளை இல்லையென்றால் பங்காளி வந்து உட்காருவார். சங்கத்துக்குச் சட்டம் உண்டு, விதி உண்டு, ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. ஆனால் கூடி உட்கார்ந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அதுவும் ஊர்க்கூட்டம்தான். எங்கள் வீட்டுக்காக என் கொழுந்தனார் போய் உட்கார்ந்தார். இதே மலையில் திருப்புலி நாடு என்ற ஊரில் சொந்த வீடும் மிளகுத் தோட்டமும் வைத்திருப்பவர். உறுப்பினர் இடத்தை அங்கேயே அவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து நேராக என்னிடம் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணி, ஊடு இனி எம்பேருல இருக்குமுங்க. நீங்க பாட்டுக்கு இருந்துக்கோங்க. உங்கள ஆரு போகச் சொன்னா?"

இந்தச் சுவர் எழும்பியபோது அங்கன்வாடி வேலை முடிந்து ஓடிவந்து தண்ணீர் ஊற்றியவள் நான். இதில் நான் இருந்துகொள்ளலாமாம்! அந்த டீக்குச் சர்க்கரை வேறு தாராளமாகப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் வந்து, கொல்லைப்புறத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகைப் பறித்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு மிளகு, நாளைக்கு நான் என்று அப்போதுதான் உறைத்தது.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் வீட்டுக்கே போனேன்.

"ஏனுங்க, என்னைய ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா?"

"உங்க ஊட்டு ஆளு வந்து பேசுனாரே கண்ணு. அப்புறம் உன்னைய என்னத்தக் கேக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாவது வந்திருப்பேன். இந்த மனிதரை என்ன செய்வது?

மலை இறங்கி நாமக்கல் போனேன். வளைவுக்கு வளைவு வாந்தி. கூட்டுறவு அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க அவரோட மனைவி, அங்கதான் குடியிருக்கீங்க. உங்களக் கூப்பிட்டு விசாரிக்காம மாத்தினது செல்லாதும்மா" என்றார். இவ்வளவு சுலபமான பேச்சு. இதைச் சொல்ல அத்தனை பெரிய மலையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

விசாரணைக்கு நடையாய் நடந்தேன். கொழுந்தனார் அங்கேயும் வந்து "இது எங்க வழக்கமுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் உறுப்பினர் இடம் எனக்கு என்று உத்தரவானது. அதோடு சொந்தக்காரர்கள் என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். போகட்டும், வீடு நிலைத்ததே என்று இருந்தேன்.

அடுத்த பொதுக்குழுவுக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். நடுவில் இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். தலைவர் வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு முறை வந்ததும் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"அந்த ஊட்டுல இருந்து ஆரும் வரலீங்களா?"

"நான் வந்திருக்கேனுங்க" என்று எழுந்து நின்றேன்.

"அது செரி கண்ணு. பேசறதுக்கு ஆரு வந்திருக்கறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.