இரண்டு சுற்றுப் பொட்டலம்

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள். இன்று வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் அன்னாசி நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி விற்கிறேன். அந்த அஞ்சு வருஷத்தில் என் மண்டையில் தங்கியது ஒரே ஒரு பாடம்தான். அதுவும் தங்காமலே போயிருக்கலாம்.

மலைக்குக் கீழேயிருந்து புதிதாக வந்த சார் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஏதோ பத்திரிகையில் வந்த கதையை வாசித்தார். மழை பெய்யாத ஊர். அம்மன் கோயிலில் ஒரே பானையில் ஊருக்கே பொங்கல். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. ஒருத்தி மட்டும் ஒதுங்கி நின்று, "என் பிடி வேண்டாம்" என்கிறாள். ஊரார் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போட வைக்கிறார்கள். பானை பொங்குகிறது. அவள் அழுகிறாள். அவ்வளவுதான் கதை.

"அந்தப் பானை எதைக் குறிக்குது?" சார் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பானையைத்தானுங்க சார்."

வகுப்பே சிரித்தது. சார் அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவரோ பொறுமையாக விளக்கினார். பானை என்றால் ஊர் ஒற்றுமையாம். பிடி அரிசி என்றால் அவள் மனசாம். வாய்தான் வேண்டாம் என்கிறதாம், உள்ளே வேணும் என்றுதான் இருக்கிறதாம். கடைசியில் அவள் விட்டது ஆனந்தக் கண்ணீராம்.

"எதுவுமே வெளிய தெரியறது இல்லம்மா. உள்ள வேற ஒண்ணு இருக்கும்."

அதிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். சத்துணவு முட்டையை உரிக்கும்போதுகூட உள்ளே என்ன இருக்குமோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

அந்த வாரமே எங்கள் ஊரில் பூக்கேட்பு வந்தது. திருவிழா நடத்தலாமா என்று அம்மனிடம் கேட்பது அது. வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்புப் பூ ஒரு இலையிலும் மடித்து வைப்பார்கள். வயசுக்கு வராத பெண் ஒருத்தி போய் ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் திருவிழா. சிவப்பு வந்தால் இல்லை. அப்படி வந்தால் அந்த வருஷம் ஊரில் கல்யாணம் காட்சியும் நடத்தக் கூடாது. வழக்கமாக எடுக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். ஊரின் தலையெழுத்து என் கைக்கு வந்தது.

ஊருக்குத் திருவிழாக் கவலை. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வேறு கவலை. திருவிழா முடிந்த பத்தாம் நாள் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை முள்ளுக்குறிச்சி. அவளோ பன்னிரண்டாவது தேறி, காலேஜ் விண்ணப்பத்தில் போட்டோவும் ஒட்டித் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்கு மட்டும் காட்டியிருந்தாள்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பாதான் பூசாரி. பொட்டலம் மடிப்பது அவர் வீட்டுக் கன்னிப்பெண் வேலை என்பதால், அன்று காலை மடித்தவள் அத்தை. என்னைப் பலாமரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"கண்ணு, வாழநாரை ரெண்டு சுத்துச் சுத்துனது செவப்பு. அதை எடுத்துரு சாமி. ஒரு வருசம் தள்ளிப்போனாப் போதும், காலேஜ்ல சேந்துருவேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

கடைசி வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். "வேண்டாம்" என்றதும் சார் எனக்குள் எழுந்து நின்றுவிட்டார். அதற்கு முந்தின வாரம் இதே வார்த்தையைச் சொல்லி அவள் அழுதபோது, அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "எல்லாப் புள்ளையும் அப்படித்தான் சொல்லும். நானுந்தான் சொன்னேன்." சாரும் அம்மாவும் ஒருத்தரையொருத்தர் பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் தப்பாகவா இருக்கும்?

கோயிலில் ஊரே கூடி நின்றது. ஒரு இருமல்கூட இல்லை. பெரியப்பா தட்டை நீட்டினார்.

"பயப்படாம எடு சாமி."

ஒன்றில் நார் ஒரு சுற்று. இன்னொன்றில் இரண்டு சுற்று. கை தானாக இரண்டு சுற்றின் மேல் போய் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பெண்களுக்குப் பின்னால் அத்தை தலையை லேசாக ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு உள்ளே என்ன இருக்கிறது? வியர்வையில் இலை நழுவியது. தப்பாக எடுத்தால் அத்தை ஜென்மத்துக்கும் பேசமாட்டாளே. வேண்டாம் என்றால் வேணும். வேண்டாம் என்றால் வேணும். கையைத் தூக்கி, ஒரு சுற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளை.

குலவை கோயிலைத் தூக்கியது. மேளம் அதிர்ந்தது. பெரியப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "அம்மன் வாக்குங்கோ!" என்று ஆடினார். கீழே இறங்குவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. நழுவி ஓடினேன்.

அத்தை பலாமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். திட்டவில்லை. என்னைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது என் முதுகில் தெரிந்தது.

"அத்தே, இது ஆனந்தக் கண்ணீர்தானுங்க?"

அவள் தாவணி நுனியில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங் கண்ணு."

அஞ்சு வருஷப் படிப்பில் நான் சரியாகச் சொன்ன விடை அது ஒன்றுதான். திங்கட்கிழமை சாரிடம் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்று, மேளம் கேட்ட பக்கம் குதித்துக்கொண்டே ஓடினேன்.